எட்டுப் பேர், ஒரே நாளில் ராஜினாமா

இந்த எபிசோடை ஒரு விமானத்துல இருந்து ஆரம்பிக்கலாம்.

2010 ஆகஸ்ட் 9. பிட்ஸ்பர்க்ல இருந்து கிளம்பின ஜெட்புளூ விமானம் ஒன்னு நியூயார்க் கென்னடி ஏர்போர்ட்ல வந்து நிக்குது. அதுல ஸ்டீவன் ஸ்லேட்டர்னு ஒரு ஃப்ளைட் அட்டென்டன்ட். மைக்கை எடுக்கிறார், பயணிகளைப் பார்த்து கோவமா பேசுறார். ரெண்டு பீரை எடுத்துக்கிறார். ஆபத்து நேரத்துல மட்டும் விரிக்க வேண்டிய அந்தச் சறுக்கை விரிச்சு, சர்ருனு சறுக்கி இறங்கி, வீட்டுக்குப் போயிட்டார். ராஜினாமா முடிஞ்சது.

ஊரே அவரைக் கொண்டாடுச்சு. வேலையை வெறுக்கிற ஒவ்வொருத்தருக்கும் அவர் ஹீரோ. ஆனா அடுத்து போலீஸ், கோர்ட்டு, விமான நிறுவனத்துக்கு 10,000 டாலர் நஷ்ட ஈடு, ஒரு வருஷம் மனநல ஆலோசனைன்னு போச்சு கதை. அவர் வேலை பார்த்த இடம் அப்படியேதான் இருந்தது.

உண்மையைச் சொல்லுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்து ஒரு ராஜினாமா மெயில் அடிச்சு, டிராஃப்ட்ல வெச்சிருக்கீங்களா இல்லையா? என்கிட்ட ஒன்னு இருந்தது. அதைப் பத்திக் கடைசியில சொல்றேன். இன்னைக்குக் கதை வேற ஒரு ராஜினாமா. யாரும் மைக்ல கத்தலை, எதுவும் உடையலை. ஆனா நாம இப்ப பார்க்கிற வேலையெல்லாம் அந்த ஒரு நாளுக்குக் கடன்பட்டிருக்குன்னு சொன்னா ரொம்ப மிகை இல்லை.

கடவுள் போன் பண்ணினா

டிரான்சிஸ்டர் 1947 டிசம்பர்ல, அமெரிக்காவின் பெல் லேப்ஸ்ல பிறந்தது. அதுக்காக ஜான் பார்டீன், வால்ட்டர் பிராட்டன், வில்லியம் ஷாக்லி மூணு பேருக்கும் 1956-ல் நோபல் பரிசு கிடைச்சது. இதுல முதல் டிரான்சிஸ்டரைக் கையால செஞ்சது பார்டீனும் பிராட்டனும். ஷாக்லி அவங்க குழுத் தலைவர். அந்த பேட்டன்ட்ல தன் பேர் இல்லைங்கிறது அவருக்குத் தாங்கவே முடியலை. சில வாரத்துலயே ராப்பகலா உட்கார்ந்து அதைவிட நல்ல ஒரு டிரான்சிஸ்டர் வடிவமைப்பைக் கண்டுபிடிச்சார். மனுஷன் மேதை, சந்தேகமே இல்லை. ஆனா கூட வேலை பார்க்கிறவன் ஜெயிச்சா தான் தோத்துட்டதா நினைக்கிற மேதை.

பார்டீன் என்ன பண்ணார் தெரியுமா? 1951-ல் சத்தமில்லாம வேலையை விட்டுட்டு இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போயிட்டார். அங்க மீகடத்தல் பத்தி ஆராய்ச்சி பண்ணி 1972-ல் ரெண்டாவது தடவையா இயற்பியல் நோபல் வாங்கினார். இயற்பியல்ல ரெண்டு நோபல் வாங்கின ஒரே ஆள் இன்னைக்கு வரைக்கும் அவர்தான்.

ஷாக்லியும் பெல் லேப்ஸை விட்டு வெளியே வந்தார். ஆர்னால்ட் பெக்மன் என்ற தொழிலதிபர் பணம் போட, கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் ஷாக்லி செமிகண்டக்டர் ஆய்வுக்கூடம் 1956-ல் தொடங்கியது. சுத்தி முழுக்கப் பழத்தோட்டம். பக்கத்துல பாலோ ஆல்ட்டோவில் அவரோட அம்மா இருந்தாங்க. சிலிக்கான் வேலி அந்த இடத்துல முளைச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

நாடு முழுக்கத் தேடி, பொறுக்கி எடுத்த இளைஞர்களுக்கு போன் போட்டார். ராபர்ட் நாய்ஸ் பின்னாடி அந்த நாளை நினைச்சுச் சொல்லும்போது, போனை எடுத்தா மறுபக்கம் கடவுள் பேசின மாதிரி இருந்துச்சுன்னார். அவர் எவ்வளவு நம்பினார்னா, இன்டர்வியூவுக்கு வந்த அன்னைக்குக் காலையிலேயே அந்த ஊர்ல வீடு பார்த்து வாங்கிட்டு, மத்தியானம்தான் இன்டர்வியூவுக்கே போனார்னு சொல்வாங்க.

இன்டர்வியூவும் சாதாரணமா இல்லை. உளவியல் டெஸ்ட் உண்டு. அதுல நாய்ஸ், கார்டன் மூர் ரெண்டு பேருமே நிர்வாகம் பண்ண லாயக்கில்லைன்னு ரிசல்ட் வந்தது. இந்த ரெண்டு பேரையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஒரு குண்டூசிக் கதை

அடுத்த ஒரு வருஷம் எப்படிப் போச்சுன்னு கேட்டா, உங்கள்ல சில பேருக்கு உங்க ஆபீஸ் ஞாபகம் வரும்.

ஒருத்தர் ஒரு ரிசல்ட் கொண்டு வந்தா, ஷாக்லி அவர் முன்னாடியே பெல் லேப்ஸ்ல இருக்கிற பழைய சகாக்களுக்கு போன் போட்டு, "இது சரியா இருக்குமா?"ன்னு கேட்பார். எல்லாரோட சம்பளமும் என்னன்னு ஒரு பட்டியலா எழுதிப் பொதுவா ஒட்டினார்.

உச்சக்கட்டம் ஒரு குண்டூசி. ஆபீஸ் செக்ரட்டரி ஒருத்தர் கையை ஏதோ கிழிச்சு ரத்தம் வந்தது. கதவுல ஒரு சின்ன இரும்பு முனை நீட்டிக்கிட்டு இருந்திருக்கு. வேணும்னே யாரோ வெச்ச சதின்னு ஷாக்லி முடிவு பண்ணிட்டார். உண்மை கண்டறியும் கருவியைக் கொண்டு வந்து ஊழியர்களைச் சோதிக்கணும்னு நின்னார். ஷெல்டன் ராபர்ட்ஸ் அந்த முனையை எடுத்து மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பார்த்தார். போர்டுல காகிதம் குத்துற சாதாரண ஊசி. தலை உடைஞ்சு விழுந்திருக்கு. அவ்வளவுதான் சதி.

இதெல்லாம் கூடப் பொறுத்திருப்பாங்க. பெரிய அடி தொழில்நுட்பத்துல விழுந்தது. அவங்க எல்லாரும் வந்ததே சிலிக்கான்ல டிரான்சிஸ்டர் செய்யறதுக்கு. அதுக்குத்தான் சந்தை காத்துக்கிட்டு இருந்தது. ஷாக்லியோ நடுவுல பாதை மாறி, தான் கண்டுபிடிச்ச நாலு அடுக்கு டயோடு மேல ஆளையும் பணத்தையும் கொட்ட ஆரம்பிச்சார். கருத்து அழகு, ஆனா ஒரே தரத்துல திரும்பத் திரும்பத் தயாரிக்க முடியாத பொருள். மோசமான பாஸைக்கூடச் சகிச்சுக்கலாம், ஆனா தப்பான பொருளை ராப்பகலா செய்யறது ஒரு இன்ஜினியருக்கு நரகம்.

முதல்ல கதவைத் தட்டினாங்க

இங்கதான் எனக்கு இந்தக் கதை பிடிக்கும். அவங்க எடுத்த உடனே ராஜினாமா பண்ணலை. 1957 மே மாசம் கார்டன் மூர் நேரா பெக்மனுக்கே போன் பண்ணார். நிலைமை இதுதான்னு குழுவா உட்கார்ந்து பேசினாங்க. ஷாக்லியை நிர்வாகத்துல இருந்து எடுத்துட்டு, ஆலோசகரா வெச்சுக்கலாமேன்னு கேட்டாங்க. பெக்மன் முதல்ல தலையாட்டினார். அப்புறம் மனசு மாறிட்டார். நோபல் வாங்கின ஆளை ஓரங்கட்ட முடியுமா? கடைசி பதில்: ஷாக்லிதான் பாஸ்.

பாஸுக்கு மேல போய்ப் புகார் பண்ணியாச்சு, தோத்தாச்சு. இனிமே அங்க இருக்க முடியாது.

யூஜின் கிளைனரோட அப்பாவுக்கு நியூயார்க்ல ஹேடன் ஸ்டோன் என்ற பங்குத் தரகு நிறுவனத்துல கணக்கு இருந்தது. அந்தத் தொடர்பை வெச்சு கிளைனர் ஒரு கடிதம் எழுதினார். அதை டைப் பண்ணது அவர் மனைவி ரோஸ். சாராம்சம் இதுதான்: நாங்க ஏழு பேர், சேர்ந்து வேலை பார்த்துப் பழகினவங்க, எங்களை மொத்தமா ஒரே இடத்துல வேலைக்கு எடுத்துக்கிற கம்பெனி இருக்கா?

கவனிச்சீங்களா? அவங்க ஸ்டார்ட்அப் கேட்கலை, வேலைதான் கேட்டாங்க. பிரியாம இருக்கணும்கிறது மட்டும்தான் நிபந்தனை. ஆர்தர் ராக் என்ற இளைஞரும் அவரோட சீனியர் பட் காயிலும் நேர்ல வந்து, "நீங்களே ஏன் கம்பெனி ஆரம்பிக்கக் கூடாது?"ன்னு கேட்டாங்க. அந்தக் காலத்துல அது யாரும் கேட்காத கேள்வி.

ஒரே ஒரு குறை. அந்த ஏழு பேர்ல தலைமை தாங்கற ஆள் இல்லை. அது நாய்ஸ்தான். ஆனா நாய்ஸ் தயங்கினார். மனைவி, குழந்தைங்க, புது வீடு. ஷாக்லிக்கு அவர்மேல மதிப்பும் இருந்தது. சந்திப்புக்கு முந்தின ராத்திரி ஷெல்டன் ராபர்ட்ஸ் போன்ல அவரோட ரொம்ப நேரம் பேசினார். மறுநாள் காலையில கிளைனர் தன் ஸ்டேஷன் வேகனை எடுத்துக்கிட்டு வீடு வீடா போய் ஒவ்வொருத்தரையா ஏத்திக்கிட்டார். நாய்ஸ் வீட்டு வாசல்லயும் வண்டி நின்னது. நாய்ஸ் ஏறிட்டார்.

சான் ஃபிரான்சிஸ்கோவின் கிளிஃப்ட் ஹோட்டல்ல உட்கார்ந்து பேசி முடிச்சாங்க. ஒப்பந்தப் பத்திரம் எதுவும் தயாரா இல்லை. காயில் பத்துப் புது ஒரு டாலர் நோட்டை எடுத்து மேஜைமேல வெச்சார். ஒவ்வொரு நோட்டுலயும் பத்துப் பேரும் கையெழுத்து. ஆளுக்கு ஒரு நோட்டு.

அப்புறம் ராக் சுமார் 35 கம்பெனிகளைக் கேட்டார். எல்லாரும் கையை விரிச்சாங்க. கடைசியா ஷெர்மன் ஃபேர்சைல்ட் ஒத்துக்கிட்டார். அவரோட கம்பெனி கிட்டத்தட்ட 13.8 லட்சம் டாலர் தர முன்வந்தது. எட்டுப் பேரும் ஆளுக்கு 500 டாலர் போட்டாங்க. நாய்ஸ் அந்த 500 டாலருக்குத் தன் பாட்டிகிட்ட கடன் கேட்டார்னு சொல்வாங்க.

1957 செப்டம்பர் 18, புதன்கிழமை. நாய்ஸ், மூர், கிளைனர், ராபர்ட்ஸ், ஜே லாஸ்ட், ஜான் ஹோர்னி, ஜூலியஸ் பிளாங்க், விக்டர் கிரினிச். 27 வயசுல இருந்து 34 வயசு வரைக்கும் இருந்த எட்டுப் பேர். ஷாக்லியோட ஆய்வுக்கூடத்தின் முதுகெலும்பு ஒரே நாளில் எழுந்து வெளியே போனது. வரலாற்றில் அவங்களுக்கு நிலைச்ச பேர்: துரோகிகள் எட்டுப் பேர்.

1872-ஆம் வருஷத்துச் சட்டம்

கொஞ்சம் நின்னு ஒரு விஷயம் யோசிங்க. எட்டுப் பேரும் போய் அதே ஊர்ப்பக்கத்துல, அதே சிலிக்கான் டிரான்சிஸ்டரைச் செய்ய ஆரம்பிச்சாங்க. அதுக்கு ஒரு பெரிய துணை கலிஃபோர்னியாவின் 1872-ஆம் வருஷத்து சிவில் சட்டம். வேலையை விட்டவர் போட்டி கம்பெனிக்குப் போகக் கூடாதுன்னு ஒப்பந்தம் போட்டாலும், பொதுவா அது செல்லாது.

சுவாரஸ்யம் என்னன்னா, நம்ம இந்திய ஒப்பந்தச் சட்டமும் அதே 1872-தான். அதோட 27-வது பிரிவும் தொழில் செய்யறதைத் தடுக்கிற ஒப்பந்தம் செல்லாதுன்னுதான் சொல்லுது. ரெண்டுக்கும் மூலம் ஒன்னு: டேவிட் டட்லி ஃபீல்ட் என்பவர் நியூயார்க் மாநிலத்துக்காக எழுதின வரைவு. அதுக்காக நோட்டீஸ் பீரியடையும் பாண்டையும் தூக்கி எறிஞ்சிடாதீங்க, அதெல்லாம் வேற கணக்கு. ஆனா "வெளியே போனா வேற எங்கயும் சேர முடியாது"ன்னு யாராவது மிரட்டினா, இந்த வருஷத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க.

பிறகு

ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரின் முதல் ஆர்டர் ஐபிஎம்கிட்ட இருந்து வந்தது. 100 டிரான்சிஸ்டர், ஒன்னு 150 டாலர். 1959-ல் ஹோர்னி பிளேனார் முறையைக் கண்டுபிடிச்சார். சிலிக்கான் மேல ஆக்சைடு படலத்தைப் பாதுகாப்புக்கு அப்படியே விட்டு வைக்கிற முறை. அதை வெச்சு நாய்ஸ் ஒரே சில்லுல முழு சர்க்யூட்டையும் அடக்கினார். அதே வருஷம் தாய்க் கம்பெனி 30 லட்சம் டாலருக்குப் பங்குகளை வாங்கிக்கிச்சு. 500 டாலர் போட்ட ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு லட்சம் டாலருக்கு மேல கிடைச்சது.

சுபமா? இல்லை. பங்கு போனதும் எட்டுப் பேரும் மறுபடி சம்பளக்காரங்க ஆனாங்க. முடிவெல்லாம் கிழக்குக் கடற்கரையில எடுத்தாங்க. 1961-ல் ஹோர்னி, லாஸ்ட், ராபர்ட்ஸ் வெளியேறினாங்க. 1968-ல் நாய்ஸும் மூரும் வெளியேறி ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. பேர் இன்டெல். நிர்வாகம் பண்ண லாயக்கில்லைன்னு டெஸ்ட்ல வந்த அதே ரெண்டு பேர். கிளைனர் 1972-ல் முதலீட்டு நிறுவனம் ஆரம்பிச்சார்.

ஷாக்லியோட கம்பெனி 1960-ல் கைமாறிடுச்சு. அவர் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியரானார். கடைசிக் காலத்தை, இனத்துக்கும் அறிவுக்கும் முடிச்சுப் போடற அருவருப்பான பிரச்சாரத்துல கழிச்சார். 1989-ல் இறந்தபோது, அவர் இறந்த செய்தி பிள்ளைகளுக்கே பத்திரிகை, டிவி மூலமாத்தான் தெரிய வந்தது.

என் டிராஃப்ட்

என் முதல் வேலையில, ஓஎம்ஆர்ல, ஒரு மேனேஜர் இருந்தார். காலை மீட்டிங்ல ஒருத்தர் கோடை ஸ்கிரீன்ல போட்டு எல்லார் முன்னாடியும் கிழிப்பார். தினம் ஒரு ஆள். ஒரு பொண்ணு ரெஸ்ட் ரூம்ல போய் அழுதுட்டு வந்து மறுபடி சீட்ல உட்கார்ந்ததைப் பார்த்திருக்கேன். நாங்க நாலு பேர் டீக்கடையில நின்னு முடிவு பண்ணோம்: சேர்ந்து போய் மேலிடத்துல பேசலாம், திங்கட்கிழமை, 11 மணி.

நான் போகலை. ஈஎம்ஐ இருந்தது, ரிலீவிங் லெட்டர் பயம் இருந்தது. உடம்பு சரியில்லைன்னு மெசேஜ் போட்டேன். மூணு பேர் போனாங்க. "உங்க மூணு பேருக்கு மட்டும்தான் பிரச்னையா?"ன்னு கேட்டாங்களாம். அந்த ராத்திரிதான் நான் அந்த மெயிலை அடிச்சேன். எல்லாருக்கும் காப்பி போட்டு, பஞ்ச் டயலாக் எல்லாம் வெச்சு. அனுப்பலை. ஆறு மாசத்துல நாலு பேரும் தனித்தனியா வெளியே வந்தோம். அந்த மேனேஜருக்கு அடுத்த வருஷம் ப்ரமோஷன்.

ரொம்ப நாளா என் வருத்தம் அந்த மெயிலை அனுப்பலையேங்கிறதுதான். இந்த எபிசோடுக்காகப் படிக்கும்போதுதான் புரிஞ்சது. அது சறுக்குல இறங்கற மாதிரி ஒரு மெயில். அஞ்சு நிமிஷம் ஜாலியா இருந்திருக்கும். நான் தவறவிட்டது திங்கட்கிழமை 11 மணி.

நாய்ஸும் பயந்தார். என்னைவிட அவருக்கு இழக்க அதிகம் இருந்தது. ஆனா வண்டி வாசல்ல வந்து நின்னப்போ ஏறினார்.

அந்த மூணு பேர்ல ரெண்டு பேர் இந்த பாட்காஸ்ட் கேட்கறாங்கன்னு எனக்குத் தெரியும். மாப்ள, அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை. சாரி.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.