காவிரி பிறக்கும் மலையூர்

 

மழையால் வறண்ட பூமியை உயிர்ப்பிக்கும் இறைவனின் ஆற்றலைச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கின்றது. கீழ்வேளூர் வயல்வரப்பில் நின்று சிந்திப்போமாயின், அச்சிந்தனை குடகு மலையிலுள்ள பாகமண்டலம் என்னும் சிற்றூரில் நம்மைக் கொண்டு சேர்க்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பிரம்மகிரிச் சாரலில், சுமார் 1,276 மீட்டர் உயரத்தில் தலைக்காவிரி உள்ளது. அதற்குக் கீழே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில், காவிரியும் கன்னிகை ஆறும் கூடுமிடத்தில் பாகமண்டலம் அமைந்துள்ளது. பள்ளத்தாக்கில் நெல், சரிவுகளில் மர நிழலில் காப்பி, மரங்களைப் பற்றிப் படரும் மிளகுக்கொடி, அவற்றுக்கு மேலே சோலைக்காடும் புல்வெளியும். 17ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் ஸூஃபிப் பெரியார் ஹஜ்ஜிலிருந்து திரும்புகையில் யமன் நாட்டுக் காப்பி வித்துகள் ஏழினைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது வழிவழிச் செய்தி.

இவ்வூர் 1785இல் திப்பு சுல்தான் வசமாகி, அஃப்ஸலாபாத் எனப் பெயர் பெற்றது. 1790இல் குடகு மன்னர் தொட்ட வீரராஜேந்திரர் இதனை மீட்டார். அப்போர்களின் துயர நினைவு குடகு மக்களிடம் இன்றும் உண்டு. ஆயினும் அதே மலைநாட்டில், நாபோக்லுவை அடுத்த எம்மெமாடு தர்காவிற்கு முஸ்லிம்களோடு குடவர் மக்களும் வருகின்றனர். போர் பிரித்தவர்களை அன்பு சேர்த்து வைக்கின்றது என்பதற்கு இஃதோர் சான்றாகும்.

தென்மேற்குப் பருவத்தில் குடகில் பொழியும் மழையே கிருஷ்ணராஜசாகரை நிரப்பி, 1934 முதல் மேட்டூரில் தேங்கி, கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றின் கிளைகள் வழியே கடைமடையாகிய நம்மை வந்தடைகின்றது. காடு மழையை உறிஞ்சி வைத்தால் ஆறு நின்று நிதானமாக ஓடும். காடு அழிந்தால் ஒருநாள் வெள்ளம், மறுநாள் வறட்சி. 2018 ஆகஸ்டில் குடகு மலைகள் பல இடங்களில் சரிந்தன. 2020 ஆகஸ்டில் தலைக்காவிரி மலையே சரிந்து, கோயில் அர்ச்சகர் ஒருவரும் அவர் வீட்டில் இருந்தோரும் மாண்டனர்.

2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் நமது மாநிலத்திற்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் என வரையறுத்தது. நீதிமன்றம் பங்கினை வரையறுக்கலாம். மழையை இறக்குபவன் அல்லாஹ் ஒருவனே. அம்மழையைத் தாங்கும் மலையைக் காப்பதோ மனிதன் மீதுள்ள அமானிதம்.

ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவில் நீரை வீண்விரயம் செய்யலாகாது என நபி (ஸல்) அவர்கள் போதித்ததாக ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. எனவே, நமது ஹவ்ளில் ஒளுச் செய்யும்போதும், வாய்க்காலில் குப்பை கொட்டக் கை நீளும்போதும், அந்த மலையூரை நினைவுகூர்வோமாக! பெற்ற நீருக்கு நன்றி செலுத்துவோராக வல்ல நாயன் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.