நாற்பத்து நான்கு நாட்கள்

1996 செப்டெம்பரில் ஓர் இரவு, நான் பணியாற்றிய நாளேட்டின் விளையாட்டுப் பக்கத்தை முடித்துக்கொண்டிருந்தபோது, இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைட்டட் உதைபந்தாட்டக் கழகம் தனது முகாமையாளர் ஹவார்ட் வில்கின்சனைப் பதவி நீக்கியதாகச் செய்தி வந்தது. இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் அவரது அணி சொந்த மைதானத்தில் மன்செஸ்டர் யுனைட்டட்டிடம் 4-0 எனத் தோற்றிருந்தது. அச்செய்திக்கு நான் இட்ட தலைப்பு, ‘காலம் கடந்த முடிவு’. தலைப்பிடுபவனுக்கு எல்லாம் தெரியும் அல்லவா! லீட்ஸ் கழகத்தின் வரலாற்றைப் பின்னர் ஆற அமரப் படித்தபோதுதான், நான் எதைப் பற்றி எழுதினேன் என்பது எனக்கே விளங்கியது.

அக்கழகத்தின் பொற்காலம் டொன் ரெவி என்னும் ஒருவரோடு பிணைந்தது. 1961 மார்ச்சில் அவர் பொறுப்பேற்றபோது லீட்ஸ் இரண்டாம் பிரிவில் தத்தளித்துக்கொண்டிருந்தது. 1962இல் மூன்றாம் பிரிவுக்குத் தரமிறங்கும் ஆபத்திலிருந்து கடைசிப் போட்டியில்தான் தப்பியது. இன்றைய பணிப்பாளர் சபையாக இருந்திருந்தால் ரெவியின் பெயரை நாம் கேள்விப்பட்டே இருக்கமாட்டோம். அன்றைய சபை பொறுத்திருந்தது. 1964இல் முதற்பிரிவு, 1969இலும் 1974இலும் சம்பியன் பட்டம், 1972இல் எஃப். ஏ. கிண்ணம், இடையே இரண்டு ஐரோப்பியக் கிண்ணங்கள். சிறுவயதில் வந்த வீரர்களை அவர் தந்தையைப்போல வளர்த்தார். அவர்களது ஆட்டம் முரட்டுத்தனமானது என்று நாடே ஏசியது. ஏசியோரில் முதன்மையானவர், டேர்பி கவுன்டி அணியை 1972இல் சம்பியனாக்கிய பிரையன் கிளஃப்.

1974 ஜூலையில் ரெவி இங்கிலாந்துத் தேசிய அணிக்குப் போனார். தனது இடத்துக்கு அணியின் மூத்த வீரர் ஜொனி ஜைல்ஸை அவர் பரிந்துரைத்திருந்தார். பணிப்பாளர்கள் தேர்ந்தெடுத்ததோ அதே கிளஃபை! ரெவியும் கிளஃபும் மிடில்ஸ்பரோ என்னும் ஒரே ஊரில் பிறந்தவர்கள் என்பது மட்டுமே அவர்களுக்கிடையிலான உறவு.

கிளஃப் முதற் சந்திப்பிலேயே, நீங்கள் வென்ற பதக்கங்கள் நேர்மையாகப் பெற்றவையல்ல, அவற்றைக் குப்பையில் போடலாம் என்னும் பொருள்படப் பேசியதாக வீரர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பருவகாலத்தைத் தொடக்கிவைக்கும் வெம்பிளிப் போட்டியில் தலைவர் பில்லி பிறெம்னர் வெளியேற்றப்பட்டார். ஆறு லீக் போட்டிகளில் ஒரேயொரு வெற்றி. கிளஃபின் வலக்கையாக விளங்கிய பீற்றர் டெய்லரோ பிரைட்டனிலேயே தங்கிவிட்டார். செப்டெம்பர் 12இல் கதை முடிந்தது. நாற்பத்து நான்கு நாட்கள். அன்று மாலையே கிளஃபையும் ரெவியையும் ஒரே தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அருகருகே அமர்த்தி வாதாட விட்டார்கள். ஊடகக்காரனாகிய எனக்கே அதைப் பார்க்கையில் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

கிளஃப் தோற்றதற்கு அவரது நாவும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1975 ஜனவரியில் அவர் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் என்னும் இரண்டாம் பிரிவு அணிக்குச் சென்றார். அங்கும் முதல் ஆண்டில் அற்புதம் எதுவும் நிகழவில்லை. 1976இல் டெய்லர் வந்து சேர்ந்தார். 1977இல் முதற்பிரிவு, 1978இல் சம்பியன், 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கிண்ணம். அவ்விரு கிண்ணங்களையும் தலைவராக ஏந்தியவர் ஜோன் மக்கவர்ன். 1974இல் கிளஃப் லீட்ஸுக்கு அழைத்துவந்தபோது, பிறெம்னரின் இடத்தில் ஆடியதற்காக அந்த ரசிகர்களால் கூச்சலிடப்பட்டவர் அவர்தான்.

லீட்ஸ் என்னவாயிற்று? நிதானமான ஜிமி ஆம்பீல்ட் அந்த முதிர்ந்த அணியை 1975இல் பாரிஸ் நகரில் ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டி வரை கொண்டுசென்றார். பயர்ன் மியூனிக்கிடம் 2-0 எனத் தோற்றார்கள். 1978இல் அவரும் போனார். வந்த ஜொக் ஸ்டீன், ஸ்கொட்லாந்துத் தேசிய அணிக்காகத் தாமாகவே விலகினார். அவர் இருந்ததும் சரியாக நாற்பத்து நான்கு நாட்களே! பின்னர் ரெவியின் பழைய வீரர்களை ஒருவர்பின் ஒருவராக அழைத்தார்கள்: அலன் கிளார்க், எடி கிறே, பிறெம்னர். மனிதர்களை மீட்டால் காலமும் மீளும் என்று நம்பினார்கள் போலும். 1982இல் தரமிறங்கினார்கள். ரெவி ஒருவர் பதின்மூன்று ஆண்டுகள். அடுத்த பதினான்கு ஆண்டுகளில் எழுவர்.

அதன் பின்னர், 1988 ஒக்டோபரில், வந்தவர்தான் நான் எள்ளிய வில்கின்சன். 1990இல் முதற்பிரிவு, 1992இல் சம்பியன். இங்கிலாந்தின் உயர்நிலை லீக்கை வென்ற கடைசி ஆங்கிலேய முகாமையாளர் அவரே. 2025 வரை இன்னொருவர் வரவில்லை.

இருந்தும் எனது தலைப்பு முற்றாகத் தவறென்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. வில்கின்சனுக்குப் பின்வந்தவர்களின் காலத்தில் லீட்ஸ் 2001இல் சம்பியன்ஸ் லீக் அரையிறுதியை எட்டியது. அந்த ஓட்டத்துக்குப் பட்ட கடனே 2004இல் அவர்களை வீழ்த்தியது என்பது வேறு கதை. நொட்டிங்ஹாமிலும், கிளஃப் பதினெட்டு ஆண்டுகள் இருந்து 1993இல் விடைபெற்றபோது அணி தரமிறங்கிப் போயிருந்தது. எப்போது பொறுப்பது, எப்போது விடுவது என்பது எளிய கணக்கல்ல.

பொருளியலாளர் பாஸ் தெர் வீல் 1986 முதல் 2004 வரையான நெதர்லாந்து லீக்கை ஆராய்ந்தார். சரிவின்போது முகாமையாளரை நீக்கிய அணிகள் மீண்டன. அதே அளவு சரிந்தும் நீக்காத அணிகளும் அவ்வாறே மீண்டன. நோய் தானாகவே மாறும் வேளையில் கொடுத்த மருந்துக்குப் பெயர் கிடைக்கிறது. இதை லீட்ஸில் எவரும் 2014இல் கேட்டிருக்கவில்லை. இத்தாலிய உரிமையாளர் மசிமோ செலினோ வந்த அவ்வாண்டில் டேவ் ஹொக்கடே எழுபது நாட்களும் டார்கோ மிலானிச் முப்பத்திரண்டு நாட்களும் மட்டுமே இருந்தார்கள். எங்கள் நாளேட்டிலும் ஓராண்டுக்குள் மூன்று ஆசிரியர்களைக் கண்டிருக்கிறேன். ஒவ்வொருவரும் வந்தவுடன் முதற்பக்கத்தின் எழுத்துருவை மாற்றினார்கள். விற்பனை மாறவில்லை.

2018இல் மார்செலோ பியெல்சா வந்தார். முதற் பருவத்தில் வாய்ப்பை நழுவவிட்டபோதும் அவரை வைத்திருந்தார்கள். 2020இல், பதினாறு ஆண்டுகளின் பின், பிறீமியர் லீக் மீண்டும் கிட்டியது. 2022 பெப்ரவரியில் அவரையும் அனுப்பினார்கள். அடுத்த பதினைந்து மாதங்களில் மூவர். கடைசியானவருக்குக் கிடைத்தவை நான்கே போட்டிகள். 2023 மே மாதத்தில் லீட்ஸ் தரமிறங்கிய செய்தியை நான் வீட்டில் இருந்தபடி இணையத்தில் வாசித்தேன். அன்றிரவு பழைய கோவையிலிருந்து 1996ஆம் ஆண்டின் அந்த நறுக்கை எடுத்துப் பார்த்தேன். தலைப்பை முப்பத்தாறு புள்ளி எழுத்தில் போட்டிருந்தேன். வில்கின்சன் சம்பியன் பட்டம் வென்றவர் என்ற விபரம் செய்தியின் கடைசிப் பந்தியில் இருந்தது.