கஸ்பார் மோன்ஜ்: ஒரு கணிதவியலாளரின் புகழும் அதன் வர்க்க அடிப்படையும்

பிரான்சியப் புரட்சியின் இருநூற்றாண்டு நிறைவையொட்டி, 1989 டிசம்பர் 12ஆம் திகதி கஸ்பார் மோன்ஜின் உடலெச்சங்கள் பாரிஸ் நகரின் பந்தியோனுக்கு எடுத்துச் செல்லப்பட்டன. இறந்து 171 ஆண்டுகளின் பின்னர் கிட்டிய அரச மரியாதை இது. இத்தாமதத்தைத் தனிமனித அதிர்ஷ்டத்தின் அடிப்படையில் விளக்கிவிட முடியாது என்பதே எமது கருத்தாகும்.

1746இல் போன் என்னும் ஊரிலே சிறு வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் மோன்ஜ். மேசியேர் இராணுவப் பொறியியற் கல்லூரியில் அதிகாரிப் பயிற்சி உயர்குடியினருக்கே உரியதாயிருந்தது. அதனால் அவர் வரைபடங் கீறுவோரும் சாந்தில் மாதிரியுரு செய்வோரும் பயின்ற கீழ்ப்பிரிவிலேயே சேர்க்கப்பட்டார். எதிரியின் பீரங்கிக்கு நேரே அகப்படாவண்ணம் கோட்டை மதில்களின் உயரத்தை வகுக்கும் பணி ஒருமுறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நீண்ட எண்கணிதத்தை விடுத்து, வரைதல் மூலமே அவர் விடை கண்டார். இவ்வளவு விரைவில் விடை காண்பது இயலாதென்று கூறி, அதனைச் சரிபார்க்கவே மேலதிகாரி முதலில் மறுத்தார் என அவரது வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் கூறுவர். உண்மை புலப்பட்டதும் அம்முறை இராணுவ இரகசியமாக்கப்பட்டது.

அம்முறை யாது? முப்பரிமாணப் பொருளொன்றை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு தளங்களில் எறியஞ் செய்து, அதன் உண்மை வடிவையும் அளவையும் தாளிலே பெறுவதாகும். கல்தச்சரும் மரத்தச்சரும் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்த உத்திகளே இங்கு பொதுவிதியாக உயர்த்தப்பட்டன. 'தூய' கணிதம் பேசுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இரகசியத்தின் பூட்டைத் திறந்தது புரட்சியே. 1792 ஆகஸ்டு முதல் 1793 ஏப்ரில் வரை மோன்ஜ் கடற்படை அமைச்சராயிருந்தார். பதினாறாம் லூயி மரண தண்டனைக்குள்ளானது இக்காலத்திலேயே. பின்னர் முற்றுகைக்குள்ளான குடியரசுக்காக வெடியுப்புச் சேகரிப்பையும் பீரங்கி வார்ப்பையும் நெறிப்படுத்தினார். பீரங்கி செய்யுங் கலைபற்றி நூலும் எழுதினார். 1794இல் நிறுவப்பட்டு, மறு ஆண்டு எக்கோல் பொலிடெக்னிக் எனப் பெயர்பெற்ற கல்லூரியின் முதன்மைச் சிற்பிகளுள் அவரும் ஒருவர். பிறப்பன்றிப் பரீட்சையே அதன் வாயிலாக அமைந்தது. 1795இல் அவர் தமது கேத்திரகணிதத்தைப் பகிரங்கமாகப் போதித்தார்.

ஆயினும் முரண்பாட்டை மறைத்தல் ஆய்வாகாது. 1796இல் இத்தாலி சென்ற மோன்ஜ், வெற்றி பெற்ற படை கவர்ந்து செல்லவேண்டிய கலைச்செல்வங்களைத் தெரிவுசெய்யுங் குழுவில் இருந்தார். போப்பரசரிடமிருந்து மட்டும் 100 கலைப்படைப்புகளும் 500 கையெழுத்துப் பிரதிகளும் கோரப்பட்டன. 1798இல் எகிப்தியப் படையெடுப்பின்போது கெய்ரோவில் நிறுவப்பட்ட கழகத்துக்கு அவரே தலைவர், நெப்போலியன் உபதலைவர். சிறு வணிகரின் மைந்தர் 1808இல் பிரபுவானார். இதனை நட்பின் பிணைப்பென்று கொள்வோர் உளர். எழுச்சிபெற்ற பூர்ஷ்வா வர்க்கம் உள்நாட்டில் தகுதியையும் வெளிநாட்டில் கொள்ளையையும் ஒருங்கே வேண்டி நின்றதென்பதே எமக்குப் பொருத்தமாகப் படுகின்றது. பொலிடெக்னிக் கல்லூரியே 1804இல் இராணுவ ஒழுங்கின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. அடுத்து மாணவரிடம் கட்டணமும் அறவிடப்பட்டது.

முடியாட்சி மீண்டபின், 1816இல் மோன்ஜ் விஞ்ஞானக் கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். அவ்விடத்துக்கு அரச ஆணையால் நியமிக்கப்பட்டவர் கோஷி. பெருங் கணிதவியலாளர்தாம், ஆனால் முடியாட்சியின் பக்தர். 1818 யூலை 28இல் மோன்ஜ் இறந்தபோது, பொலிடெக்னிக் மாணவர் இறுதிச் சடங்கிற் கலந்துகொள்ள அரசாங்கம் அனுமதி மறுத்தது. மறுநாள் அவர்கள் அணியாகக் கல்லறைக்குச் சென்றனர்.