சரண்டர் வேல்யூவும் கதைப் புத்தகமும்: வகுப்பறையில் சொல் கற்பித்த வரலாறு பற்றி ஒரு குறிப்பு

போடிநாயக்கனூரில் ஒருத்தர் 'ஏலம்' என்று சொன்னால், முழு வாக்கியத்தையும் கேட்டால்தான் எந்த ஏலம் என்று தெரியும். ஒன்று மலையில் விளைகிற ஏலம். இன்னொன்று அந்தக் காயை விலை கூறி விற்கிற ஏலம். முதலாவது நம்ம பழைய சொல். இரண்டாவது போர்த்துகீசியர்கள் கொண்டு வந்தது. அவர்கள் மொழியில் 'லெய்லாவ்'. தமிழ் வாய்க்குள் வந்ததும் முதல் எழுத்தை உதிர்த்துவிட்டு ஏலம் ஆகிவிட்டது. "இன்னிக்கு ஏலத்துல ஏலம் என்ன விலைக்குப் போச்சு?" என்று கேட்டால் போடிக்காரர் யாரும் குழம்ப மாட்டார். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் இங்கேயும், மலைக்கு அந்தப் பக்கம் வண்டன்மேடு அருகே புற்றடியிலும் நடக்கிறது.

போடியில் வளர்கிற பிள்ளைக்கு இந்த வித்தியாசத்தை யாரும் போர்டில் எழுதிச் சொல்லித் தருவதில்லை. கடையில், ஜீப்பில், வீட்டில் பேச்சோடு பேச்சாகப் பிடித்துக்கொள்கிறது. பள்ளிக்கூடத்திலோ 'சொல்லும் பொருளும்' என்று ஒரு பட்டியல் இருக்கும். இடது பக்கம் சொல், வலது பக்கம் பொருள், மனப்பாடம் செய்.

பட்டியல் வேண்டாம், ஒரு கதைப் புத்தகத்தை வைத்தே சொற்களைக் கற்பிக்கலாம் என்ற யோசனை எங்கிருந்து வந்தது? இதைத் தேடிப் போனால் நம்ம திண்ணையில் தொடங்கி டாக்கா வரை போக வேண்டியிருக்கிறது.

பாட்டாக ஓர் அகராதி

திண்ணைப் பள்ளியில் சொல் கற்பிக்கும் கருவி நிகண்டு. பிள்ளைகள் அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி எல்லாம் முடித்து மேலே போகும்போது நிகண்டைப் பாட்டாகவே நெட்டுருப் போட்டார்கள். மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு இதில் ரொம்பப் பிரபலம். மொத்தம் 12 தொகுதிகள். தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று பொருள்வாரியாகப் போகும். 11-ஆவது தொகுதி, ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது. அதை எதுகைப்படி அடுக்கியிருக்கிறார், அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து.

மென்பொருள் வேலை பார்க்கிறவனாக எனக்கு இது பெரிய ஆச்சரியம். புத்தகத்தைப் புரட்டித் தேடுவதற்கான வரிசை இல்லை இது. மனசுக்குள்ளேயே தேடுவதற்கான இண்டெக்ஸ். ஓலைச்சுவடி எல்லார் வீட்டிலும் இல்லாத காலத்தில் தலைக்குள் ஓர் அகராதியை ஏற்றி வைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. புலவராகப் போகிறவருக்கு இது மூலதனம். பிற்பாடு செய்யுள் படிக்கும்போதும் பாடும்போதும் அந்த மூலதனம் பலன் தரும்.

ஆனால் பாதியில் நின்றுபோன பிள்ளைக்கு? இரண்டு தொகுதி மனப்பாடம் செய்துவிட்டு மாடு மேய்க்கப் போனவனுக்கு அந்தப் பாட்டு எதற்குப் பயன்படும்? இதே கேள்வியை வேறொரு மொழியை வைத்து ஒருத்தர் நேரடியாகக் கேட்டார்.

டாக்காவில் ஒரு இன்சூரன்ஸ் கணக்கு

அவர் பெயர் மைக்கேல் வெஸ்ட். இந்தியக் கல்விப் பணிக்கு வந்த ஆங்கிலேயர், டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். வங்காளத்துப் பிள்ளைகள் இங்கிலீஷ் படிப்பதைப் பல வருஷம் கவனித்து, 1926-ல் இருமொழிக் கல்வி பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார். அதில் அவர் பயன்படுத்திய ஒரு சொல் நம் எல்லோருக்கும் தெரிந்தது: சரண்டர் வேல்யூ.

பாலிசி போட்டுப் பாதியில் நிறுத்தினால் கையில் எவ்வளவு வரும்? அதுதான் சரண்டர் வேல்யூ. வெஸ்ட் அதைப் படிப்புக்குப் பொருத்தினார். பள்ளியில் சேருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் கடைசி வரை போவதில்லை. அப்படி இருக்கும்போது, முழுசாக முடித்தால் மட்டுமே பலன் தருகிற பாடத்திட்டம், பாதியில் நிற்கிறவனுக்குப் பெரிய நஷ்டம். ஒவ்வொரு வருஷக் கடைசியிலும், "இத்தோடு நின்றாலும் இந்தப் பிள்ளைக்கு என்ன மிச்சம்?" என்று கேட்டுப் பாடம் அமைக்க வேண்டும் என்றார். அவர் கண்ட விடை, வாசிப்பு. கொஞ்சம் வாசிக்கத் தெரிந்தவன் பள்ளிக்கு வெளியேயும் தானாக வாசித்து வளர முடியும்.

அதற்குப் புத்தகம் வேண்டுமே? அன்றிருந்த வாசகப் புத்தகங்களில் இரண்டு கோளாறுகளை அவர் கண்டார். ஒன்று, பழைய இலக்கியச் சொற்கள் நிறைய. இரண்டு, புதுச் சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. ஒன்றைப் பழகுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அவர் செய்த மாற்றமும் இரண்டு. அரிய சொல்லை எடுத்துவிட்டுப் புழங்குகிற சொல்லைப் போட்டார். புதுச் சொற்களைப் பரவலாகத் தூவி, வந்த சொல் திரும்பத் திரும்ப வரும்படி கதையை மாற்றி எழுதினார். 1920களின் கடைசியில் லாங்மன்ஸ் வெளியிட்ட 'நியூ மெத்தட்' வாசகங்கள் இப்படி வந்தவை. எங்க தலைமுறை 'நான்-டீடெயில்' என்று படித்த சுருக்கிய கதைப் புத்தகங்கள் எல்லாம் இந்த வழியில் வந்த பேரன் பேத்திகள்தான்.

வெஸ்டின் உள்ளுணர்வு சரிதான் என்று பிற்கால ஆய்வுகளும் காட்டின. 2000-ல் ஹூ, நேஷன் என்ற இருவர் செய்த ஆய்வின்படி, உதவியில்லாமல் ஒரு கதையைப் புரிந்துகொள்ள அதில் சுமார் 98 சதவீதச் சொற்கள் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதாவது 50 சொல்லுக்கு ஒரு புதுச் சொல்.

எண்ணியது யார், எதை எண்ணினார்கள்?

'புழங்குகிற சொல்' எது என்று எப்படித் தெரியும்? எண்ண வேண்டும். 1921-ல் அமெரிக்காவில் எட்வர்ட் தார்ன்டைக் 10,000 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலை ஆசிரியர்களுக்காக வெளியிட்டார். கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் கையால் எண்ணியது. அவர் எடுத்துக்கொண்ட 41 மூலங்களில் பைபிள் உண்டு, ஆங்கிலச் செவ்விலக்கியம் உண்டு, சிறுவர் இலக்கியமும் உண்டு. பெரும்பாலும் எழுத்து. பேச்சு இல்லை. பிறகு 1953-ல் வெஸ்ட் சுமார் 2,000 சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலை வெளியிட்டபோது ஒரு படி மேலே போனார். ஒரு சொல்லின் எந்தப் பொருள் எத்தனை சதவீதம் வருகிறது என்றும் கொடுத்தார்.

சூடாமணியின் 11-ஆவது தொகுதியை இதோடு வைத்துப் பாருங்கள். நிகண்டில் ஒரு சொல்லின் எல்லாப் பொருளுக்கும் ஒரே எடை. வெஸ்டின் பட்டியலில் எடை தனித்தனி. ஆனால் அந்த எடை ஊருக்கு ஊர் மாறும் என்பதுதான் பிரச்சினை. 'ஏலம்' என்ற சொல்லைச் சென்னைப் பத்திரிகைகளில் எண்ணினால் ஒரு விகிதம் வரும், போடியில் எண்ணினால் வேறு விகிதம் வரும். தமிழில் எண்ணுவதே தனிப் பாடு. மலைக்கு, மலையில, மலையிலிருந்து, மலையேறி — சாதாரண ஸ்கிரிப்ட் எழுதினால் இவற்றை நான்கு வெவ்வேறு சொற்களாக எண்ணிவிடும். பிள்ளைக்கோ அது ஒரே மலை.

எண்ணிக்கையில் விழாத சொல் பாடத்தில் வராது. பாடத்தில் வராத சொல் 'நல்ல தமிழ் இல்லை' என்று பிள்ளையே நினைத்துக்கொள்ளும். தினமும் விடியலில் போடிமெட்டு வழியாக ஜீப் ஏறுகிற குடும்பங்களின் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். செடியின் அடியில் தரையோடு ஓடுகிற சரம், காயெடுப்பு, காய் உலர்த்துகிற ஸ்டோர் எல்லாம் அவர்களுக்கு அன்றாடச் சொற்கள். அந்தச் சொற்களைப் பாடப் புத்தகத்தில் எத்தனை முறை பார்த்திருப்பார்கள்? படிப்பைப் பாதியில் விடுகிற ஆபத்து அதிகம் இருப்பதும் இந்தப் பிள்ளைகளுக்குத்தான். வெஸ்டின் கேள்வி இங்கே அப்படியே பொருந்துகிறது.

கி.ரா. காட்டிய இன்னொரு வழி

வெஸ்ட் சொல்லைக் குறைத்துக் கதையை எளிதாக்கினார். கி. ராஜநாராயணன் நேர் எதிர்த்திசையில் போனார். அவருடைய 'பிஞ்சுகள்' கரிசல் காட்டுச் சிறுவர்களையும் பறவைகளையும் பற்றிய சிறுவர் நாவல். அந்த மண்ணின் பெயர்களை அவர் 'பொதுத் தமிழு'க்கு மாற்றவில்லை. பையனுக்குப் பறவை மேல் ஆசை, அதனால் படிக்கிறவனுக்கும் அதன் பெயர் மேல் ஆசை வருகிறது. அதே ஆள்தான் 1982-ல் கரிசல் வட்டார வழக்கு அகராதியையும் கொண்டு வந்தார். நாவலும் அகராதியும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள்: ஒன்றில் சொல் உயிரோடு நடமாடுகிறது, மற்றதில் பத்திரமாக இருக்கிறது.

இரண்டு வழிகளும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நான் நினைக்கவில்லை. வேற்று மொழி படிக்கிற பிள்ளைக்கு வெஸ்டின் வழி வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடும். தாய்மொழியில் கி.ரா.வின் வழி வேண்டும், இல்லாவிட்டால் தன் ஊர்ச் சொல்லுக்குப் புத்தகத்தில் இடமில்லை என்ற எண்ணம் நிலைத்துவிடும்.

விரிவானம் நடத்துகிற ஆசிரியருக்கு

இப்போதைய தமிழ்ப் பாடப் புத்தகத்தில் 'விரிவானம்' என்று கதைப் பகுதி இருக்கிறது. அதையோ ஒரு சிறுவர் நாவலையோ எடுக்கும்போது இந்த வரலாற்றிலிருந்து மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று, அத்தியாயத்துக்கு நாலைந்து சொல் போதும். எல்லாக் கடினச் சொல்லையும் நிறுத்தி விளக்கினால் கதை செத்துவிடும். மற்ற கதைகளிலும் திரும்ப வரக்கூடிய சொற்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

இரண்டு, பொருளை முதலில் சொல்லாமல், வாக்கியத்தை வைத்து ஊகிக்கச் சொல்லலாம். 'ஏலம்' என்ற சொல்லைப் போடிப் பிள்ளை பிடித்துக்கொண்டது இப்படித்தான். ஊகம் தப்பினால் அப்புறம் அகராதியைப் பார்க்கட்டும். தேர்ந்தெடுத்த சொல் அடுத்த வாரப் பேச்சிலும் எழுத்திலும் திரும்ப வர வேண்டும்.

மூன்று, கதையில் வருகிற ஒரு பொருளுக்கோ வேலைக்கோ தங்கள் வீட்டில் என்ன சொல் என்று பிள்ளைகள் கேட்டு வரட்டும். பாட்டி சொன்னது, தோட்டத்தில் அம்மா சொன்னது, எதுவானாலும் சரி. அதை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் வருஷக் கடைசியில் வகுப்புக்கென்று ஒரு வட்டார அகராதி கையில் இருக்கும். இதற்குத் தனிச் செலவு ஒரு நாற்பது பக்க நோட்டுதான்.

அந்த வகுப்போடு ஒரு பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டாலும், தானாக ஒரு கதையைப் படிக்கிற பழக்கமும், தன் வீட்டுச் சொல் எழுத்தில் ஏறியதைப் பார்த்த ஞாபகமும் அதனிடம் மிச்சம் இருக்கும்.