திரவ உப்புகளும் கல்கத்தாவும்

உப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் வெண்மையாய், கெட்டியாய், நீரிலிட்டால் கரைந்து மறையும் ஒரு பொருளே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. சமையலுப்பை நீர் சேர்க்காமல் உருக்கித் திரவமாக்க வேண்டுமாயின் 801 பாகை சென்டிகிரேட் வெப்பம் வேண்டும். வீட்டு அடுப்பில் அது ஆகிற காரியமன்று. ஆயினும், அறையின் சாதாரண வெப்பத்திலேயே எண்ணெய்போல் புட்டியில் நிற்கும் உப்புகளும் உலகில் உண்டு. அவற்றை விஞ்ஞானிகள் அயனித் திரவங்கள் என்று அழைக்கின்றனர்.

எந்த உப்பும் நேர்மின் ஏற்ற துகள்களாலும் எதிர்மின் ஏற்ற துகள்களாலும் ஆனது. இத்துகள்களுக்கே அயனி என்று பெயர். சமையலுப்பில் இருவகைத் துகள்களும் சிறியவை, உருண்டையானவை. ஆதலால் செங்கல் அடுக்கினாற்போல் நெருங்கிப் பொருந்திவிடுகின்றன. ஒருவகைத் துகள் பெரிதாகவும் கோணலாகவும் இருந்துவிட்டால் அடுக்கு கூடிவருவதில்லை. உப்பு கெட்டிப்படாமல் திரவமாகவே நின்றுவிடுகிறது. மரக்கூழைக் கரைக்கவும், உலோகப் பூச்சுக்கும், மின்கலங்களுக்கும் இத்திரவங்களைப் பயன்படுத்திப் பார்த்து வருகின்றனர். ஈதரையும் பென்ஸீனையும் போல இவை காற்றில் பறந்து போவதில்லை. பெரும்பாலானவை மூக்கைத் துளைக்கும் வாடையும் வீசுவதில்லை. எனவே, இவை தீங்கற்றவை, பசுமையானவை என்றொரு புகழ் 1990-களுக்குப் பின் பரவலாயிற்று. இப்புகழ் எவ்வளவு தூரம் பொருந்தும் என்று ஆராயப் புகுந்தால், நாம் கொல்கத்தாவின் காலேஜ் தெருவிற்கே சென்றாக வேண்டியிருக்கிறது.

கொல்கத்தாவில் குடியேறி வாழும் நம்மவர், ஊரிலிருந்து வரும் உறவினருக்கு நகரைக் காட்டும்போது பௌபஜார் தெருவைத் தவறாது குறிப்பிடுவர். சர் சி. வி. இராமன் 1928-ஆம் ஆண்டில் தம் ஒளிச்சிதறலைக் கண்டது அங்கேதான். அந்தப் பெருமை நமக்கு இருக்கட்டும். அங்கிருந்து சற்றே வடக்கு நோக்கி நடந்தால் பிரெஸிடென்ஸி கல்லூரி வரும். அதன் இரசாயனக் கூடத்தில், பேராசிரியர் பிரபுல்ல சந்திர ரேயும் அவருடைய மாணவர் ரக்ஷித் என்பவரும் 1911-ஆம் ஆண்டில் எத்தில் அம்மோனியம் நைட்ரைட் முதலிய சில உப்புகளை ஆக்கி, லண்டன் இரசாயனச் சங்கத்தின் இதழில் வெளியிட்டனர். அயனித் திரவங்களின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் 1914-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகின்றன. 12 பாகையிலேயே உருகிவிடும் எத்தில் அம்மோனியம் நைட்ரேட்டைப் பால் வால்டன் என்பவர் அறிவித்த ஆண்டு அது. கல்கத்தா நைட்ரைட்டுகள் அதற்கு மூன்றாண்டு மூத்தவை. இதனை அண்மைக் காலத்து வரலாற்றாசிரியர்களும் ஒப்புக்கொண்டு எழுதத் தலைப்பட்டுள்ளனர்.

பிரபுல்ல சந்திரர் 1861-இல் இன்றைய வங்காள தேசத்தைச் சேர்ந்த குல்னாப் பகுதியில் பிறந்தவர். எடின்பரோவில் 1887-இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, 1889-இல் பிரெஸிடென்ஸி கல்லூரியில் பணியேற்றார். அந்நாளில் இரசாயனப் பகுதி ஒரு பழைய ஒற்றை மாடிக் கட்டடத்தில் இருந்தது. புகை வெளியேறப் போதிய வழியில்லை. குளிர்காலத்தில் சன்னல்களை மூடிவிட்டால் அமில ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். கல்லூரித் தலைவராக இருந்தவர் டாணி துரை. கதாசரித் சாகரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் இவரே என்பதை, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் ஒருவகை உரிமையோடு இங்கே குறித்துக் கொள்கிறோம். அவருக்கு நுரையீரல் சற்று நலிவானது. ரே ஒருநாள் அவரை அக்கூடத்திற்குள் வந்து பார்க்குமாறு வேண்டினார். உள்ளே வந்தவர் இரண்டொரு மூச்சு இழுத்ததும் வெளியே விரைந்தார். மாணவர் உடல்நலத்திற்கு ஊறு செய்வதாக நகரச் சுகாதார அதிகாரி தம்மீது வழக்குத் தொடர்ந்தாலும் தகும் என்று அன்றே மேலிடத்திற்கு எழுதினாராம். பக்கம் பக்கமாக விண்ணப்பம் எழுதியிருந்தாலும் இந்தப் பலன் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. எடின்பரோ ஆய்வுக்கூடத்தின் அமைப்பை ஒட்டிய புதிய கூடம் 1894-இல் எழுந்தது.

நல்ல கூடம் மட்டும் போதுமா? ரே தொடங்கி வளர்த்த பெங்கால் கெமிக்கல் தொழிற்கூடத்தின் தொடக்க நாட்களில் அவருக்குத் துணைநின்ற இளைஞர் சதீஷ் சந்திர சிங்கர். இரசாயனம் பயின்றவர், தொழிலில் முழு மனத்தோடு ஈடுபட்டவர். வேலை செய்துகொண்டிருந்தபோது பிரஸ்ஸிக் அமிலம் என்னும் கொடிய நஞ்சு தற்செயலாக உட்புகுந்து உயிர் நீத்தார். ரே தம் சுயசரிதையில் இதனை எழுதியிருக்கிறார். சர்க்குலர் ரோட்டில் சில நூறு ரூபாய் முதலோடு எழுந்த அத்தொழிற்கூடத்தின் கதையைக் கூறுவோர் சுதேசிப் பெருமையைக் கூறுவர்; இந்த இளைஞரைக் கூறுவோர் சிலரே.

1896-இல் ரே பாதரசத்தின்மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை வினைபுரியச் செய்தபோது, எதிர்பாராத மஞ்சள் நிறப் படிகங்கள் படிந்திருக்கக் கண்டார். அதுவே மெர்க்குரஸ் நைட்ரைட். நைட்ரேட்டு என்பது வெடியுப்பின் இனம். நைட்ரைட்டு அதனினும் ஒரு பங்கு பிராணவாயு குறைந்தது, நிலையற்ற குணமுடையது. அன்றுமுதல் அவர் வாழ்க்கை நைட்ரைட்டுகளோடு பிணைந்துவிட்டது. அவற்றுள் மிகவும் முரட்டுத்தனமானது அம்மோனியம் நைட்ரைட். தூய நிலையில் அது தங்காது, சிதைந்து போகும் என்றே கருதப்பட்டு வந்தது. ரே நவச்சாரத்தையும் வெள்ளி நைட்ரைட்டையும் சேர்த்து அதனைத் தூயதாகப் பெற்றார். மெல்லச் சூடேற்றி, 60 பாகையளவில் சிதையாமலே ஆவியாக்கியும் காட்டினார். நீலரத்தன தர் முதலிய மாணவருடன் அந்த ஆவியின் அடர்த்தியையும் அளந்தார். 1912-இல் லண்டனில் இதனை அவர் எடுத்துரைத்தபோது சர் வில்லியம் ராம்ஸே பாராட்டினார்.

இச்செயலின் அருமை, அதிலுள்ள அபாயத்தை உணர்ந்தால்தான் விளங்கும். உலர்ந்த அம்மோனியம் நைட்ரைட் சூட்டினாலும் அதிர்ச்சியினாலும் வெடிக்க வல்லது. நைட்ரஜன் வாயுவைத் தயாரிக்கும் பள்ளிச் சோதனையில் நவச்சாரத்தையும் சோடியம் நைட்ரைட்டையும் நீரில் கரைத்தே சூடாக்குகிறோம். நீர் வற்ற விடுவதில்லை. அதன் காரணம் இதுவே.

இனி 1911-ஆம் ஆண்டின் உப்புகளுக்கு வருவோம். நவச்சாரத்தின் இடத்தில் எத்தில் அமீன், டைமெத்தில் அமீன், டிரைமெத்தில் அமீன் ஆகியவற்றின் குளோரைடுகளை வைத்து, அதே முறையில் ரேயும் ரக்ஷித்தும் நைட்ரைட்டுகளை ஆக்கினர். ரக்ஷித் பல்கலைக்கழகத் தேர்வில் தேறாதவர். ஆனால் துண்டுக் கண்ணாடிக் குழாய்களைக் கொண்டே வேண்டிய கருவியை அமைத்துவிடும் கைத்திறன் அவரிடம் இருந்தது. தேர்வுத்தாளைக் காட்டிலும் அக்கைகளையே ரே மதித்தார். கிடைத்த உப்புகளோ தாமாகவே மெல்லச் சிதையும் இயல்பின. டைமெத்தில் அம்மோனியம் நைட்ரைட் நீரை இழந்து சிதைந்தால் நைட்ரோஸோ டைமெத்தில் அமீன் என்ற பொருள் உண்டாகும். அப்பொருள் எலிகளின் ஈரலில் புற்றுநோயை விளைக்கிறது என்று இங்கிலாந்தில் மாகீ, பார்ன்ஸ் என்னும் இருவர் கண்டறிந்தது 1956-இல். காலேஜ் தெருக் கூடத்தில் வேலை செய்தோர் அதனை அறிந்திருக்க வழியே இல்லை. இடையே 45 ஆண்டுகள் கிடக்கின்றன.

ரே 1916-இல் பிரெஸிடென்ஸியை விட்டுப் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரிக்குச் சென்றார். மறு ஆண்டு இராமனும் அங்கே பேராசிரியரானார். திரவ உப்புகளை உலகம் ஏறக்குறைய மறந்தேவிட்டது. டெக்ஸாஸில் ஹர்லி, வையர் என்போர் 1940-களின் இறுதியில் அலுமினியம் குளோரைடு கலந்த ஒருவகையைச் செய்தனர். அது ஈரக்காற்றுப் பட்டாலே ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையைக் கக்கும். 1992-இல் வில்க்ஸ், ஸவரொட்கோ ஆகியோர் காற்றுக்கும் நீருக்கும் அஞ்சாத வகைகளை ஆக்கியபின்னரே இத்துறை பெருகியது. தீங்கற்றவை என்ற புகழ் வந்ததும் அதன்பின்தான்.

ஆபத்து என்ற நம் சொல், ஆங்கிலத்தில் இருவேறு சொற்களால் குறிக்கப்படும் இரண்டையும் ஒருங்கே சுமக்கிறது: ஒரு பொருளில் இயல்பாகவே உறையும் கொடுமை ஒன்று, அக்கொடுமை நம்மை வந்து தீண்டும் வாய்ப்பு மற்றொன்று. பாதுகாப்புக் குறிப்புத் தாள்களைத் தமிழாக்குவோர் இவ்விடத்தில் எழுதுகோலை நிறுத்தி யோசிக்கவே வேண்டும். குடத்திலிட்ட பாம்பு வெளியே வராமலிருக்கலாம். அதனால் அது நஞ்சற்றதாகிவிடாது. அயனித் திரவம் எளிதில் ஆவியாகாது என்பது குடத்தின் மூடியைப் பற்றிய செய்தியேயன்றிப் பாம்பைப் பற்றிய செய்தியன்று.

மூடியும் அவ்வளவு இறுக்கமானதன்று. பெல்ஃபாஸ்ட் நகரத்து ஸெடன் முதலியோர், சில அயனித் திரவங்களைக் காற்றழுத்தம் குறைத்துச் சூடேற்றினால் காய்ச்சி வடிக்கவே முடியும் என்று 2006-இல் காட்டினர். உப்பும் ஆவியாகும் என்று ரே லண்டனில் உரைத்து 94 ஆண்டுகளுக்குப் பின் வந்த செய்தி இது. அதே ஆண்டில் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து, இவற்றுள் சில தீப்பற்றி எரிபவை என்ற எச்சரிக்கை வந்தது. பல ஆய்வுக்கூடங்களில் பழக்கமான ப்யூட்டைல் மெத்தில் இமிடஸோலியம் ஹெக்ஸாஃபுளோரோ பாஸ்பேட், நீரோடு நாட்பட இருந்தாலோ சூடானாலோ ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைத் தோற்றுவிக்கும் என்பது 2003-இலேயே வெளியாகியிருந்தது. அந்த அமிலம் கண்ணாடியையே அரிக்கும். தோலில் பட்டால் சிலவேளை தொடக்கத்தில் வலியே தெரியாது. உள்ளே ஊடுருவிச் சுண்ணாம்புச் சத்தைப் பற்றி, எலும்பு வரை செல்லும். ஆகவே இத்தகைய திரவத்தோடு வேலை செய்வோர் அதனை உலர்ந்த நிலையில், இறுக மூடி வைப்பதும், சூடேற்றும்போது புகைப்போக்கிப் பெட்டிக்குள் வைத்தே செய்வதும், கையுறையும் கண்ணாடியும் அணிவதும், கால்சியம் குளுக்கோனேட் களிம்பை அருகிலேயே வைத்திருப்பதும் இன்றியமையாதவை. பட்டுவிட்டால் உடனே நீரூற்றிக் கழுவிக் களிம்பைத் தேய்த்து, வலியை எதிர்பாராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். நைட்ரேட்டு வகைகளில் கவனிக்க வேண்டியது வேறு. எரிபொருளும் அதனை எரிக்கும் பிராணவாயுவும் ஒரே துகளிணையில் அடங்கியிருப்பதால், அவற்றை வற்றக் காய்ச்சுவதும் கடுஞ்சூட்டுக்கு உள்ளாக்குவதும் கூடா.

மீந்ததை எங்கே கொட்டுவது என்பது இன்னும் கடினமான வினா. இமிடஸோலியம் வகைகளில் கரிமச் சங்கிலி நீள நீள, நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சும் ஏறுகிறது. இங்கிலாந்தில் ஒரு குப்பைமேட்டின் அருகே எடுத்த மண்ணில் இத்தகைய பொருளொன்று காணப்பட்டதாகவும், ஈரலைத் தாக்கும் ஒரு நோய்க்கு அது தூண்டுகோலாய் இருக்கக்கூடும் என்றும் நியூகாஸில் ஆராய்ச்சியாளர் 2018-இல் எழுதினர். அது இன்னும் ஐயப்பாடே; முடிந்த முடிபன்று. கொல்கத்தாவில் இவ்வினா வீட்டு வாசலிலேயே நிற்கிறது. இந்நகரின் கழிவுநீர் கிழக்கே ஓடி, 12,500 ஹெக்டேர் பரந்த சதுப்பு நிலத்தை அடைகிறது. அங்குள்ள பேரிகள் என்னும் மீன்பண்ணைகளில் வெயிலும் பாசியும் சேர்ந்து அந்நீரைத் தெளிவித்து மீனை வளர்க்கின்றன. 2002-இல் அந்நிலம் ராம்ஸார் உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது. ஆய்வுக்கூடத்துத் தொட்டியில் கழுவிவிட்ட திரவ உப்பு ஆவியாகிக் காற்றில் போகாது. அது நீரோடு நீராகவே சென்று முதலில் அந்தப் பாசியைத் தொடும், பிறகு மீனை, அம்மீன் மறுநாட் காலையில் நகரத்துச் சந்தைக்கு வரும்.