வேலை குடும்பத்துக்கு, பதவி யாருக்கு?

மாணவர்களே, 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெண்கள் வீட்டோடு இருந்தார்கள் என்று மட்டும் எழுதினால் அது பாதி விடைதான். அந்தக் காலத்தில் வீடே பட்டறை. கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்துதான் தொழில் பார்த்தார்கள். சில அரசுப் பணிகளும் அப்படித்தான் நடந்தன.

பெர்லினைப் பாருங்கள். 1700இல் அங்கே அறிவியல் கழகம் தொடங்கியது. நாட்காட்டி விற்கும் தனியுரிமையே அதன் வருமானம். கழகத்தின் வானியலாளர் கோட்ஃபிரீட் கிர்க். அவர் மனைவி மரியா விங்கெல்மன் இரவில் வானத்தைக் கவனித்தார். நாட்காட்டிக்குக் கணக்கும் போட்டார். 1702இல் ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடித்தவர் மரியாதான். அறிக்கையோ கணவர் பெயரில் வந்தது.

1710இல் கணவர் இறந்தார். நாட்காட்டி வேலையைத் தமக்குத் தரும்படி மரியா விண்ணப்பித்தார். கழகத் தலைவர் லைப்னிட்ஸ் ஆதரித்தார். மற்றவர்கள் விடவில்லை. ஒரு பெண்ணுக்குக் கொடுத்தால் நாளைக்கு இதுவே முன்னுதாரணம் ஆகிவிடும் என்று பயந்தார்கள். பதவி வேறொரு ஆணுக்குப் போனது. 1716இல் மகன் கிறிஸ்ட்ஃபிரீட் கழகத்தின் வானியலாளர் ஆனார். தாய் அவருக்கு உதவினார். பார்வையாளர்கள் முன் அதிகம் தென்படுகிறார் என்று குறை சொல்லி, 1717இல் அவரை வானாய்வகத்தை விட்டுப் போக வைத்தார்கள்.

குடும்ப வேலையாக இருந்தவரை மரியாவுக்கு இடம் இருந்தது. தம் பெயரில் பதவி கேட்டதும் கதவு சாத்தப்பட்டது. ஆகவே தேர்வில் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பாருங்கள்: வேலை செய்தது யார்? பதவி கிடைத்தது யாருக்கு?