சாவி இல்லாத வாட்சுக்கு ஏன் சாவி கொடுக்கிறோம்?

இன்னைக்கு எபிசோடு ஒரு சத்தத்தில் இருந்து தொடங்குது.

ரெண்டு வருஷம் முன்னாடி, சேமிச்ச காசில் ஒரு செகண்ட் ஹேண்ட் சுவிஸ் வாட்ச் வாங்கினேன். என் சம்பளத்துக்கு அது கொஞ்சம் அதிகம்தான். பேட்டரி கிடையாது, தினமும் காலையில் சாவி கொடுக்கணும். பக்கவாட்டில் இருக்கிற திருகை, அதாவது கிரவுனை, விரலால் சுற்றினா டிக் டிக் டிக்னு மெல்லிய சத்தம் வரும். காபிக்கு முன்னாடி எனக்கு அதுதான் வேலை. ஆறு மாசம் கழிச்சு அந்தச் சத்தம் மாறிச்சு. சிமெண்ட் தரையில் கிடக்கிற மணலைச் செருப்பால் தேய்ச்ச மாதிரி ஒரு கரகரப்பு.

ஆனா வாட்ச் நேரம் சரியா காட்டுச்சு. ப்ரொடக்‌ஷன்ல ஒரு வார்னிங் வருது, ஆப் நல்லா ஓடுது, அப்போ நாம என்ன செய்வோம்? டிக்கெட்டை அடுத்த ஸ்பிரிண்ட்டுக்குத் தள்ளிடுவோம். நானும் அதையேதான் செஞ்சேன். அதுக்கு என்ன விலை கொடுத்தேன்னு கடைசியில் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. இப்போ "சாவி கொடுக்கணும்"னு சொன்னேன் இல்லையா? அந்த வாட்சில் சாவி எங்கே இருக்கு? சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி உண்டு, தகரப் பொம்மைக்கும் உண்டு. கைக்கடிகாரத்துக்குக் கிடையாது. ஆனாலும் நம்ம வீட்டில் எல்லாரும் வாட்சுக்குச் சாவி கொடுக்கிறதாத்தான் சொல்றோம். தெரியாமலே நாம ஒரு சரியான வரலாற்றைச் சொல்லிட்டிருக்கோம். ஏன்னா ஒரு காலத்தில் பாக்கெட் வாட்சுக்கும் தனிச் சாவி இருந்தது. அந்தச் சாவி எப்படிக் காணாமப் போச்சு என்பதும், என் வாட்ச் ஏன் கரகரத்தது என்பதும் ஒரே கதைதான்.

ரெண்டு ஓட்டை

19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஐரோப்பாவில் ஒரு பணக்காரர் பையில் இருந்த வாட்சைக் கற்பனை பண்ணுங்க. தங்க மூடி, எனாமல் முகப்பு. கூடவே தனியா ஒரு குட்டிச் சாவி. வாட்சில் சதுர முனை தெரியுற ஓட்டை ஒண்ணு இருக்கும். அதில் சாவியை நுழைச்சுச் சுற்றினா உள்ளே இருக்கிற மெயின்ஸ்பிரிங் முறுக்கேறும். முள்ளைத் திருப்ப இன்னொரு சதுர முனை.

இதில் சின்னப் பிரச்சினை, சாவி தொலைஞ்சு போகும். பெரிய பிரச்சினை, தூசி. அந்தச் சாவி நாள் முழுக்கப் பையில் கிடக்கும். துணி நூல், மூக்குப்பொடி, மண் எல்லாம் அதன் துளைக்குள்ள ஏறும். தினமும் ஒருமுறை அதை வாட்சுக்குள்ள கொண்டுபோய் விடுறோம். உள்ளே எண்ணெய் இருக்கு. எண்ணெயும் தூசியும் சேர்ந்தா உப்புக்காகிதம் மாதிரி ஆகிடும். வாட்சை உயிரோட வைக்கிற வேலையே அதைக் கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சுட்டு இருந்தது.

அப்போ சாவியைத் தூக்கிட்டு, வாட்சிலேயே நிரந்தரமா ஒரு திருகு வெச்சா என்ன? யோசனை எளிசு. இங்கிலாந்தில் தாமஸ் பிரெஸ்ட் என்பவர் 1820லேயே இதுக்குப் பேட்டண்ட் வாங்கினார். வாட்சின் தலையில் இருக்கிற குமிழைச் சுற்றினா ஸ்பிரிங் ஏறும். ஆனா முள்ளைத் திருப்ப அவரோட அமைப்பில் வழி இல்லை, அதுக்குச் சாவி வேணும். பாதிப் பிரச்சினைதான் தீர்ந்தது.

பம்பரத்தில் மாட்டிய சங்கிலி

பேட்டண்ட் இங்கிலாந்தில், ஆனா சாவியை ரொம்ப நாள் விடாமப் பிடிச்சிருந்ததும் இங்கிலாந்துதான். ஏன்?

முழுசா முறுக்கின ஸ்பிரிங் பலமா தள்ளும், தளர்ந்த ஸ்பிரிங் மெதுவா தள்ளும். அப்போ வாட்ச் காலையில் ஒரு வேகம், ராத்திரி ஒரு வேகம் ஓடும். இதைச் சமப்படுத்த ஃபியூஸி என்ற அமைப்பு இருந்தது. பம்பரம் மாதிரி கூம்பா ஒரு பாகம், அதில் சாட்டையைச் சுற்றுற மாதிரி ஒரு மெல்லிய சங்கிலி. ஸ்பிரிங் பலமா இருக்கும்போது சங்கிலி கூம்பின் குறுகின பக்கத்தை இழுக்கும், தளரும்போது அகலமான பக்கத்தை இழுக்கும். சைக்கிள் கியர் மாதிரியே. அருமையான தீர்வு. ஆங்கிலேயக் கைவினைஞர்களுக்கு அது பெருமையும்கூட.

ஆனா நீங்க சாவி கொடுக்கிறது அந்தப் பம்பரத்துக்கு. வாட்ச் ஓடும்போது அதே பம்பரம் திரும்பச் சுற்றிட்டே இருக்கும். அதோட ஒரு திருகை நிரந்தரமா இணைச்சா, திருகும் நாள் முழுக்கப் பின்னால் சுற்றணும். தினமும் இணைச்சுப் பிரிக்கத் தனி ஏற்பாடு வேணும், அது சிக்கல். சாவியில் அந்தச் சிக்கலே இல்லை, வேலை முடிஞ்சதும் உருவிடுறோம்.

பிரான்ஸில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் லெப்பீன் என்ற கலைஞர் ஃபியூஸியை விட்டுட்டு மெல்லிய வாட்ச் செய்யத் தொடங்கினார். அந்த வழியில், ஸ்பிரிங் இருக்கிற டப்பாவே பல்சக்கரமா நேரடியா வாட்சை ஓட்டும். சாவி கொடுக்கிறது டப்பாவின் நடு அச்சுக்கு. வாட்ச் ஓடும்போது டப்பா சுற்றும், நடு அச்சு நகராது. அப்போ திருகை அதோட நிரந்தரமா இணைக்கலாம்! சுவிஸ்காரங்க இந்த வழியில் போனாங்க. ஒரு காலத்தில் சிறந்ததா இருந்த டிசைன், அடுத்த மாற்றத்துக்குக் கதவை அடைக்கிறது. லெகஸி கோட் பார்த்தவங்களுக்கு இந்த வலி புரியும்.

பாரிஸ், 1844

அட்ரியன் பிலிப், 1815இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். 1840களின் தொடக்கத்தில் ஒரே கிரவுனால் ஸ்பிரிங்கையும் முறுக்கலாம், முள்ளையும் திருப்பலாம் என்கிற மாதிரி ஒரு அமைப்பை உருவாக்கினார். 1844இல் பாரிஸில் நடந்த தொழில் கண்காட்சியில் வெச்சார். பதக்கம் கிடைச்சது.

அந்தக் கண்காட்சிக்கு வந்தவர் அந்தோனி பதேக். போலந்துக்காரர். 1830இல் ரஷ்ய ஆட்சிக்கு எதிரா நடந்த எழுச்சியில் சண்டை போட்டு, தோற்று, நாடு விட்டு வந்து ஜெனீவாவில் வாட்ச் வியாபாரம் செஞ்சவர். பிலிப்பின் வாட்சில் எதிர்காலம் இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சது. 1845இல் பிலிப் அவரோட சேர்ந்தார், அதே வருஷம் பேட்டண்ட்டும் வந்தது. 1851இல் கம்பெனியின் பெயரிலேயே பிலிப் சேர்ந்தார். இன்னைக்கு நாம சொல்ற பதேக் பிலிப். அதே வருஷம் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் விக்டோரியா மகாராணி அவங்களோட சாவியில்லா வாட்ச் ஒண்ணை வாங்கினாங்க. ஆங்கிலேய வாட்ச் தொழிலின் தலைநகரிலேயே!

பிலிப் மட்டும்தான் இதைச் செஞ்சார்னு சொன்னா தப்பு. சுவிட்சர்லாந்தின் ஜூ பள்ளத்தாக்கில் அந்துவான் லெகூல்த்ர் 1847இல் வேற மாதிரி, நெம்புகோல் வெச்ச ஒரு சாவியில்லா அமைப்பைச் செஞ்சார். அவர் பேட்டண்ட் எடுக்கலை. பிலிப் பேட்டண்ட் எடுத்ததோட நிற்காம, 1863இல் சாவியில்லா வாட்ச் பற்றி ஒரு புத்தகமே எழுதி வெளியிட்டார். வேலையை டாக்குமெண்ட் பண்றவங்க பெயர்தான் நிற்கும், இது நம்ம துறைக்கும் பொருந்தும்.

பிரச்சினை இடம் மாறிச்சு

இப்போ அந்த அமைப்புக்குள்ள போவோம். கரகரப்பு அங்கேதான் பிறக்குது.

கிரவுனில் இருந்து உள்ளே ஒரு மெல்லிய தண்டு போகுது. தண்டில் ரெண்டு குட்டிப் பல்சக்கரம் முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்திருக்கு. அதில் ஒண்ணு தண்டோட நீளத்தில் முன்னும் பின்னும் நகரும். ரெண்டுக்கும் நடுவில் ரம்பப் பல் மாதிரி சாய்வான பற்கள். முன்னால் சுற்றினா பற்கள் ஒண்ணை ஒண்ணு கவ்வி, அடுத்தடுத்த சக்கரங்கள் வழியா ஸ்பிரிங்கை முறுக்கும். பின்னால் சுற்றினா சாய்வில் வழுக்கிடும். கிரவுனை வெளியே இழுத்தா, நகரும் சக்கரம் எதிர்ப்பக்கம் போய் முள்ளைத் திருப்புற சக்கரத்தோட சேரும். முறுக்கின ஸ்பிரிங் திரும்ப அவிழாம ஒரு குட்டிக் கொக்கி தடுக்கும். நீங்க கேட்கிற டிக் டிக், அந்தக் கொக்கி பல் மேல் ஏறி இறங்குற சத்தம்.

சாவிக் காலத்தில் தேய்மானம் சதுர முனையிலும் சாவியிலும் இருந்தது. சாவி தேய்ஞ்சா புதுசு வாங்கலாம். இப்போ அதே விரல் பலம், அரிசியை விடச் சின்ன பற்கள் மேல், வாட்சுக்கு உள்ளே விழுது. ஓட்டை போயிடுச்சா? அதுவும் இல்லை. கிரவுன் தண்டு உள்ளே போற வழி ஒண்ணு இருக்கே! சாவி ஓட்டை அடைஞ்சது, தண்டு ஓட்டை திறந்தது.

கிரவுனையே தூக்கிட்டா?

இதைக் கவனிச்சவர் ஜான் ஹார்வுட், ஆங்கிலேய வாட்ச் ரிப்பேர்காரர். பழுதுக்கு வர்ற வாட்சுகளில் அழுக்கும் ஈரமும் தண்டு வழியாத்தான் நுழையுதுன்னு பார்த்தார். அவரோட முடிவு, கிரவுனே வேண்டாம். 1923இல் சுவிட்சர்லாந்தில் பேட்டண்ட்டுக்கு விண்ணப்பிச்சார். கை அசையும்போது உள்ளே ஒரு எடை ஆடும், அது ஸ்பிரிங்கை முறுக்கும். முள்ளைத் திருப்ப, கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பணும். கையில் கட்டுற ஆட்டோமேட்டிக் வாட்ச் தொழிற்சாலை அளவில் வந்தது இப்படித்தான். நம்மில் பலர் ஆட்டோமேட்டிக்கை சோம்பேறித்தனத்துக்கான வசதின்னு நினைக்கிறோம். அதன் தொடக்கம் தூசிக்கு எதிரான சண்டை. பொருளாதாரப் பெருமந்தம் வந்தது, 1931இல் ஹார்வுட்டின் கம்பெனி மூடப்பட்டது.

ரோலக்ஸ் எதிர்ப்பக்கம் போச்சு. 1926இல் வந்த ஆய்ஸ்டரில் கிரவுன் இருந்தது, ஆனா பாட்டில் மூடி மாதிரி திருகி இறுக்கலாம். இன்னைக்குப் பெரும்பாலான டைவிங் வாட்சில் இருக்கிறது அந்த யோசனைதான்.

அப்புறம் 1969 டிசம்பர் 25, ஜப்பானில் சீகோ குவார்ட்ஸ் வாட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முறுக்குற வேலையே போச்சு. நம்ம ஊரில் 1961இல் பெங்களூரில் தொடங்கின எச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலை பல வீடுகளுக்குச் சாவி கொடுக்கிற வாட்சைக் கொண்டுவந்தது. 1980களில் ஓசூரில் இருந்து டைட்டனின் குவார்ட்ஸ் வாட்ச் வந்ததும், காலையில் சாவி கொடுக்கிற பழக்கம் வீட்டுக்கு வீடு மறைஞ்சது. கூடவே, ஒரு வாட்சை விரலால் கேட்கிற பழக்கமும்.

உங்க வாட்ச் கரகரன்னா

என் விஷயத்தில் தப்பு அங்கேதான். ரெண்டு மாசம் கழிச்சு ஒருநாள், சுற்றும்போது கிரவுன் திடீர்னு வழுக்கிச்சு. பாரிமுனைப் பக்கம் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். ரிப்பேர் அண்ணன் காதுகிட்ட வெச்சு ரெண்டு சுற்று சுற்றினார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு தம்பி?"

"ரெண்டு மாசம் இருக்கும்ணே."

"தினமும் சாவி கொடுத்தீங்களா?"

"ஆமாண்ணே."

திறந்து காட்டினார். கிரவுன் ரப்பர் காய்ஞ்சு ஈரம் இறங்கி, தண்டில் துரு. அந்தத் துருப்பொடியும் காய்ஞ்ச கிரீஸும் சேர்ந்து பற்களைத் தின்னிருந்தது. உடைஞ்ச பல்லின் துகள் மற்ற சக்கரங்களுக்கும் போயிருந்தது. "முதல்லயே வந்திருந்தா தண்டும் ரப்பரும் மாத்தி, சுத்தம் பண்ணிக் கொடுத்திருப்பேன். இப்போ நாலு பார்ட் வரணும்" என்றார். பார்ட் வர மூணு மாசம் ஆச்சு. பில் தொகையைச் சொல்லலை, அம்மாவும் இந்தப் பாட்காஸ்ட் கேட்கிறாங்க.

அதனால் சுருக்கமா சில விஷயம். சில வாட்ச் பிறவியிலேயே கொஞ்சம் கரடா இருக்கும், அது நோய் இல்லை. உங்க வாட்ச் நேற்று எப்படி இருந்ததுன்னு ஞாபகம் வைங்க, மாற்றம்தான் அறிகுறி. மாறினா அன்னைக்கே முறுக்குறதை நிறுத்துங்க, சுற்றச் சுற்ற வழவழப்பாகும்னு நம்பாதீங்க. கிரவுன் பக்கமா எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, அது பரவி ஹேர்ஸ்பிரிங் வரை போய் ஒட்டிக்கும். ஆட்டோமேட்டிக்கைக் கையால் முறுக்கும்போது உள்ளே இருக்கிற எடையும் சேர்ந்து சுழன்றா, உள்ளே சுத்தம் பண்ணணும்னு அர்த்தம். கையால் முறுக்குற வாட்ச் ஒரு இடத்தில் நிற்கும், அதுக்கு மேல் பலம் போடாதீங்க. ஆட்டோமேட்டிக் அப்படி நிற்காது, உள்ளே ஸ்பிரிங் வழுக்கிக் கொடுக்கும். அந்த வழுக்கும் ஸ்பிரிங்கை 1863இல் பேட்டண்ட் எடுத்தவர் யார் தெரியுமா? அதே அட்ரியன் பிலிப்.

குவார்ட்ஸ் வாட்சில் பேட்டரி தீரும்போது சிலதில் நொடி முள் குதிச்சுக் குதிச்சுச் சொல்லும். மெக்கானிக்கல் வாட்சுக்கு உங்ககிட்டப் பேச இருக்கிறது அந்தத் திருகு ஒண்ணுதான். அது தினமும் காலையில் அரை நிமிஷம் பேசுது. என் வாட்ச் இப்போ திரும்ப டிக் டிக்னுதான் சொல்லுது. நான் காபியைத் தள்ளி வெச்சுட்டுக் கேட்கிறேன்.

உங்க வீட்டு அலமாரியில் தாத்தாவோட வாட்ச் தூங்கிட்டு இருந்தா, முதல்ல சாவி கொடுத்துப் பார்க்காதீங்க. ஒரு கடைக்காரர்கிட்டத் திறந்து காட்டுங்க. சாவி அப்புறம் கொடுக்கலாம்.